சீட்டில் எழுதிய ஊர்ப்பெயர்

(பறவை வகைப்பாட்டியல் பற்றி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பறவைகளை இனம் பிரித்துப் பெயரிடும் ஆய்வாளர் என்ன வேலை செய்கிறார் என்று பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். பறவை வகைப்பாட்டியல் என்றதும் லத்தீன் பெயர்ப் பட்டியல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் பட்டியலுக்கு அடியில் கிடப்பது சான்று. சான்று சிதைந்தால் பெயரும் சிதையும், பெயர் சிதைந்தால் ஓர் உயிரை எங்கே தேடுவது என்பதே தெரியாமல் போகும். இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான உதாரணம் ஓர் ஆந்தையின் கதை. அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

1873இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் மத்திய இந்தியாவில் கிடைத்த ஒரு சிறிய ஆந்தையைப் புதிய இனம் என்று அறிவித்தார். இந்திய தேசிய காங்கிரசைத் தொடங்கியவர்களில் ஒருவராக நம் வரலாற்றுப் புத்தகத்தில் வரும் அதே ஹியூம்தான். ஆந்தையை அவருக்கு அனுப்பிவைத்தவர் பிளெவிட் என்பவர். அவர் நினைவாக ‘பிளெவிட்டி’ என்ற பெயர் அமைந்தது. நம் ஊர்களில் மாலை மயங்கும் நேரத்தில் புளியமரப் பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் புள்ளி ஆந்தைக்கு இது உறவுதான். ஆனால் உச்சந்தலையில் புள்ளிகள் மங்கலாக இருக்கும், வாலிலும் சிறகிலும் பட்டைகள் அழுத்தமாக இருக்கும், கால்களில் வெண்ணிற இறகு அடர்ந்திருக்கும். ஹியூமுக்குப் பின் பத்துப் பதினோரு ஆண்டுகளில் கிடைத்த மாதிரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பம்பாய் மாகாணத்தின் கான்தேஷ் பகுதியில் பணியாற்றிய ஜேம்ஸ் டேவிட்சன் என்ற அதிகாரி 1884 வரை சில பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்து வைத்தார். அதோடு நம்பத்தக்க பதிவுகள் நின்றுவிட்டன.

பின்னால் ஒரே ஒரு மாதிரி மட்டும் சேர்ந்தது. 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் தானே பிடித்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி சீட்டு எழுதிக் கட்டியிருந்தார். பறவையியலில் அவருக்குப் பெரிய பெயர் இருந்தது. 1954இல் தன்னுடைய சேகரிப்பான சுமார் 20 ஆயிரம் பாடம் செய்த பறவைகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவை இன்று லண்டனுக்கு வடமேற்கே ட்ரிங் என்ற ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளையில் இருக்கின்றன. அவ்வளவு பெரிய மனிதர் எழுதிய சீட்டை யார் சந்தேகிப்பார்கள்? ஆந்தையைத் தேடியவர்கள் அந்தச் சீட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டே தேடினார்கள். கிடைக்கவில்லை. அழிந்துபோயிருக்கலாம் என்று எழுதத் தொடங்கினார்கள்.

1990களில் பமீலா ராஸ்முசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வந்தார். தெற்காசியப் பறவைகளுக்கு ஒரு முழுமையான கையேடு எழுதும் பணியில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் டில்லன் ரிப்ளியுடன் வேலை செய்துகொண்டிருந்தவர் அவர். கையேட்டில் ஒவ்வொரு பறவைக்கும் பரவல் வரைபடம் போட வேண்டும். வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டுமானால் அந்தப் புள்ளிக்குரிய மாதிரியைப் பார்த்தாக வேண்டும். இப்படித்தான் மைனர்ட்ஸ்ஹாகனின் பறவைகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. ஏற்கெனவே 1993இல் ஆலன் நாக்ஸ் என்பவர், ஒரு சிறு குருவி வகையில் மைனர்ட்ஸ்ஹாகனின் சீட்டுகள் பொய் என்று எழுதியிருந்தார். ராஸ்முசனும் ட்ரிங் அருங்காட்சியகத்தின் ராபர்ட் பிரிஸ்-ஜோன்ஸும் அந்த ஐயத்தைச் சேகரிப்பின் மற்ற இனங்களுக்கும் விரித்துச் சோதித்தார்கள்.

எப்படிச் சோதிப்பது? பறவையைப் பாடம் செய்கிற ஒவ்வொருவருக்கும் கைப்பழக்கம் ஒன்று உண்டு. வயிற்றை எங்கே கீறுகிறார், எப்படித் தைக்கிறார், உள்ளே என்ன பஞ்சு வைக்கிறார், காலை எந்தக் கோணத்தில் கட்டுகிறார் என்பது ஒருவருடைய கையெழுத்தைப் போல மாறாமல் இருக்கும். மாண்ட்வி ஆந்தையின் உள்ளே பார்த்தபோது டேவிட்சனுடைய கைவேலையின் தடங்கள் இருந்தன. அதைப் பிரித்து, வேறு பஞ்சு திணித்து, மறுபடி தைத்திருந்தார்கள். அருங்காட்சியகத்திலிருந்தே டேவிட்சனின் ஆந்தையைத் திருடி, உருமாற்றி, புதிய ஊரும் புதிய தேதியும் எழுதிய சீட்டைக் கட்டி, தன் கொடையாக அதே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறார் மைனர்ட்ஸ்ஹாகன். ராஸ்முசனும் நைஜல் காலரும் 1999இல் இதை ஆதாரத்தோடு வெளியிட்டார்கள். இந்த ஒன்றோடு நிற்கவில்லை, அந்தச் சேகரிப்பில் பல இனங்களில் இதே மோசடி வெளிப்பட்டது.

இப்போது கதையின் அடுத்த பாதி. பொய்ச் சீட்டை நீக்கியதும் மிஞ்சியவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் உண்மைச் சீட்டுகள் மட்டும். அவற்றில் எழுதியிருந்த ஊர்களுக்கே போய்த் தேடுவது என்று ராஸ்முசன், பென் கிங், டேவிட் அபாட் மூவரும் புறப்பட்டார்கள். முதலில் கிழக்கே உள்ள பழைய இடங்களில் தேடினார்கள், அங்கே காணவில்லை. பிறகு மேற்கே, டேவிட்சன் சேகரித்த கான்தேஷ் பக்கம் வந்தார்கள். 1997 நவம்பர் 25ஆம் தேதி காலையில், மகாராஷ்டிரத்தின் ஷகாதா நகருக்கு அருகே சாத்பூரா அடிவாரத்தில், இலையுதிர்ந்த மரத்தில் அந்த ஆந்தை வெயிலில் உட்கார்ந்திருந்தது. கடைசி உண்மைப் பதிவுக்கும் இதற்கும் இடையே 113 ஆண்டுகள். அதன் பிறகு மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் வேறு பல இடங்களிலும் அது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

மாணவர்களே, இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பவர் டேவிட்சன்தான். அவர் விரல் நீளச் சீட்டில் ஊரையும் நாளையும் நேர்மையாக எழுதினார். அதை வைத்து, அவர் பார்த்தேயிராத ஒரு பெண் நூறாண்டுக்கு மேல் கழித்து அதே காட்டுக்கு வழி கண்டார். எங்கள் தொழிலின் நேர்மை முழுவதும் அந்தச் சீட்டில் இருக்கிறது.

சரி, அன்றாட வேலைக்கு வருகிறேன். அருங்காட்சியகத்தில் பறவைகள் கண்ணாடிப் பெட்டியில் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆய்வுக்குரியவை அப்படி நிற்பதில்லை. அலமாரிகளின் ஆழமற்ற இழுப்பறைகளில், கண்ணுக்குப் பதில் பஞ்சு தெரிய, மல்லாந்து வரிசையாகக் கிடக்கும். காலில் சீட்டு. பழைய தோல்களில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த சவுக்காரம் பூசியிருப்பார்கள், ஆகவே கையுறை இல்லாமல் தொடுவதில்லை. சிறகை அளவுகோலில் அழுத்தி நீளம் எடுக்கிறோம். அலகு, கணுக்கால், வால் எல்லாவற்றையும் காலிப்பரால் அளக்கிறோம். நிறத்தை ஒப்பிடும்போது எச்சரிக்கை வேண்டும். நூறாண்டுப் பழைய தோலில் சாம்பல் நிறம் செம்பழுப்பாக மாறியிருக்கும். அதைப் போன வருடம் பாடம் செய்த பறவையோடு வைத்து “வேறு இனம்” என்று சொல்லிவிட்டால் காலம் செய்த மாற்றத்துக்கு லத்தீன் பெயர் வைத்ததாக ஆகிவிடும்.

பாதத்தின் அடியில் உள்ள சிறு சதைத் திண்டிலிருந்து துணுக்கு ஒன்றை வெட்டியெடுத்தால் அதிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கலாம். ஹியூம் 1885இல் லண்டனுக்குக் கொடுத்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தோல்களைச் சேகரித்த எவரும் இப்படி ஒன்று வரும் என்று கனவு கண்டிருக்க மாட்டார்கள். முட்டைகளுக்கும் இதே கதைதான். 1967இல் டெரெக் ராட்கிளிஃப் பழைய சேகரிப்பாளர்களின் பொரி வல்லூறு முட்டை ஓடுகளை எடைபோட்டுப் பார்த்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டதைக் காட்டினார். டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் விளைவு அப்படித்தான் உறுதியானது. சேகரித்தவர்கள் பொழுதுபோக்குக்காகச் சேகரித்தார்கள். தேதி எழுதியிருந்ததால் அது விஞ்ஞானமாயிற்று.

மரபணு வந்ததும் பழைய கட்டமைப்பு நிறையவே ஆட்டம் கண்டது. 2008இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு (அதில் பங்கேற்றவர்களில் சுஷ்மா ரெட்டியும் ஒருவர்) வல்லூறுகள் பருந்து, கழுகுகளுக்கு உறவல்ல, கிளிகளுக்கும் பாடும் பறவைகளுக்கும் உறவு என்று காட்டியது. நம் குளத்து முக்குளிப்பானுக்கு நெருங்கிய உறவு கோடியக்கரைப் பூநாரை. கொக்கி அலகும் கூர் நகமும் இரண்டு குலங்களில் தனித்தனியாக உருவாகியிருக்கின்றன என்றால், உருவத்தை மட்டும் நம்பிக் குடும்பம் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் உருவத்தை ஒதுக்கிவிட்டு மரபணு ஒன்றையே நம்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குரல், நிறம், வாழிடம், மரபணு எல்லாம் ஒரே பக்கம் சாயும்போதுதான் நான் துணிந்து சொல்வேன்.

குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிழக்கு இமயமலையில் ஒரே இனம் என்று கருதப்பட்ட பூங்குருவி ஒன்று, மரங்களுக்கு மேலே பாறை வெளியில் கரகரப்பாகவும், கீழே ஊசியிலைக் காட்டில் இனிமையாகவும் பாடுவதை 2009இல் அருணாசலப் பிரதேசத்தில் பேர் அல்ஸ்ட்ரோமும் ஷஷாங்க் தால்வியும் கவனித்தார்கள். காதில் விழுந்த அந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத் தோல்களுக்கும் மரபணுவுக்கும் போனார்கள். 2016இல் காட்டில் பாடும் பறவை புதிய இனமாக, சாலிம் அலியின் பெயரோடு வெளிவந்தது.

இனி நம் மலைகளுக்கு வருகிறேன். நான் அதிகம் நேசிக்கும் கதை இங்கேதான் இருக்கிறது.

நீலகிரியின் சோலைக்காட்டுத் தரையில், ஓடைக்கரை இருட்டில், நீலமும் செம்மையுமாக ஒரு சிறு பறவை தத்திக்கொண்டிருக்கும். கொடைக்கானல் சோலைகளில் அதற்கு இணையான ஒன்று உண்டு, அதன் அடிவயிறு வெளுப்பு. சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த டி.சி. ஜெர்டன் 1840களில் நீலகிரிப் பறவையை விவரித்தார். பழனி மலையில் சேகரித்த அமெரிக்கப் பாதிரியார் சாமுவேல் ஃபேர்பேங்க்கின் பறவைகளைக் கொண்டு 1860களின் பிற்பகுதியில் பிளான்ஃபோர்ட் மற்றதை விவரித்தார். அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகள் இந்த இரண்டும் ஒரு பேரினத்திலிருந்து இன்னொரு பேரினத்துக்கு மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தன. சிலர் இரண்டையும் ஒரே இனத்தின் துணை இனங்கள் என்றார்கள். 2005இல் வந்த ராஸ்முசன், ஆண்டர்டன் கையேடு இரண்டு இனங்கள் என்றது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, ஆய்வாளர் வி.வி. ராபினும் அவரோடு வேலை செய்தவர்களும் மலைமலையாக ஏறினார்கள். சோலையில் மெல்லிய வலை கட்டி, பறவையைப் பிடித்து, சிறகின் நரம்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டார்கள். 2010இல் வெளிவந்த முதல் பெரிய முடிவு, பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கத்துப் பறவைகளும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துவிட்டன என்றது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கம், இன்னொரு பிரிவும் தெரிந்தது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுத் தாழ்வெளியில் நமக்குக் காற்று வீசும், ரயில் போகும். 1400 மீட்டருக்கு மேலுள்ள குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அது கடக்க முடியாத கடல்.

2017இல் ராபின், விஷ்ணுதாஸ், சுஷ்மா ரெட்டி முதலானோர் அடுத்த அடி எடுத்துவைத்தார்கள். இந்தப் பறவைகளின் நெருங்கிய உறவு, இவற்றைக் கொண்டுபோய் வைத்திருந்த எந்தப் பேரினத்திலும் இல்லை. இவை ஈப்பிடிப்பான்களின் பக்கத்தைச் சேர்ந்தவை, அதிலும் தனியாகக் கிளைத்தவை. ஆகவே ‘ஷோலிகோலா’ என்று புதிய பேரினமே அமைத்தார்கள். சோலைக்கிளி என்பது பொதுப்பெயராக ஆங்கிலப் பட்டியல்களிலும் ஏறிவிட்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சிரிப்பான்களுக்கும் அதே ஆய்வில் ‘மாண்டெசிங்க்லா’ என்ற தனிப் பேரினம் கிடைத்தது. பாணாசுரம், நீலகிரி, பழனி, அகத்தியமலை என்று மலைக்கு ஒன்றாக நான்கு இனங்கள். இமயமலையிலிருந்து வழிதவறி வந்த கடைக்குட்டிகளாகப் பாடநூல்களில் இருந்த பறவைகள், இந்த மலைகளிலேயே வளர்ந்து கிளைத்த பழங்குடிகள் என்று தெரியவந்தது. உலகில் வேறெங்கும் அந்தப் பேரினங்கள் இல்லை.

சேதனா புருஷோத்தமும் ராபினும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. பழங்காலக் கணவாய்கள் பிரித்த கூட்டங்களின் பாட்டும் மாறியிருக்கிறது. அண்மைக் காலத்தில் நாம் காட்டை வெட்டிப் பிரித்த கூட்டங்களிலும் பாட்டு மாறத் தொடங்கியிருக்கிறது, வேறு விதமாக. நாம் தேயிலைக்கும் சீகை மரத்துக்கும் இடம்விட்டு ஒதுக்கிய சோலைத் துண்டுகளில் இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது.

“இரண்டாகப் பிரித்தால் பறவைக்கு என்ன லாபம்?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாறுகளைக் காட்டுவேன். நீளலகுப் பாறு என்று ஒரே பெயரில் இருந்த பிணந்தின்னிக் கழுகில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று தீபகற்பத்தில் செங்குத்துப் பாறைகளில் கூடு வைப்பது, நாம் கருங்கழுத்துப் பாறு என்கிறோம். மற்றது மெல்லிய அலகுடன், இமயமலை அடிவாரத்திலும் அசாமிலும் மரத்தில் கூடு வைப்பது. 2001இல் ராஸ்முசனும் பாரியும் எலும்பு, இறகு, அலகு எல்லாவற்றையும் ஒப்பிட்டு இவை இரண்டு இனங்கள் என்றார்கள். டைக்ளோஃபெனாக் மருந்து கொடுத்த மாடுகளின் பிணத்தைத் தின்று பாறுகள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. மருந்துதான் காரணம் என்று 2004இல் தெரிந்தது, 2006இல் கால்நடைக்கு அதைக் கொடுப்பதை இந்தியா தடைசெய்தது. இரண்டும் ஒரே இனமாக எண்ணப்பட்டிருந்தால், தென்னிந்தியப் பாறைகளில் மிஞ்சியவற்றைப் பார்த்து “இன்னும் கொஞ்சம் இருக்கிறது” என்று ஆறுதல் கொண்டிருப்போம். வடகிழக்கில் மெல்லலகுப் பாறு தனியாக, யாரும் கவனிக்காமல் முடிந்துபோயிருக்கும். தனி இனம் என்று தெரிந்ததால்தான் பிஞ்ஜோரிலும் அசாமின் ராணியிலும் அதைத் தனியாக இனப்பெருக்கம் செய்ய ஏற்பாடு நடந்தது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளைக் காக்க உழைக்கிறவர்களுக்கு, எந்த இனத்தில் எத்தனை என்று பிரித்து எண்ணுவதன் அருமை நன்றாகத் தெரியும்.

இனி, மாணவர்கள் கட்டாயம் கேட்கிற கேள்வி. இதற்காகப் பறவையைக் கொல்ல வேண்டுமா?

2006இல் அருணாசலத்தின் ஈகிள்நெஸ்ட் காட்டில் ரமணா அத்ரேயா புதிய பறவை ஒன்றை விவரித்தார். தொழிலால் அவர் வானியலாளர். அங்கு வாழும் புகுன் மக்களின் பெயரைப் பறவைக்கு வைத்தார். மிகச் சில பறவைகளே கண்ணில் பட்டிருந்ததால் கொல்லவில்லை. வலையில் பிடித்து, படமெடுத்து, அளந்து, கையில் உதிர்ந்த இறகுகளை மாதிரியாக வைத்துக்கொண்டு விட்டுவிட்டார். அந்த முடிவு சரி என்பதே என் கருத்து. எண்ணிக்கை தெரியாத பறவையின் ஓர் உயிரைக்கூட நம் அறிவுக்காக எடுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் பழைய சேகரிப்பாளர்களைக் கொலைகாரர்கள் என்று தூற்றுவதையும் நான் ஏற்பதில்லை. அவர்கள் விட்டுச்சென்ற தோல்கள் இல்லாமல் ஆந்தையும் கிடைத்திருக்காது, பாறும் பிரிந்திருக்காது. அந்தத் தோல்களைப் பூச்சிக்கும் ஈரத்துக்கும் விட்டுவிடுவதுதான் இன்று நடக்கக்கூடிய பெரிய குற்றம். நம் நாட்டுச் சேகரிப்புகளைப் பராமரிக்கிற பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும், இதை எந்த மேடையிலும் சொல்ல நான் தயங்குவதில்லை.

இனம் என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறதா என்றால், இல்லை. தங்களுக்குள் மட்டும் இனப்பெருக்கம் செய்யும் கூட்டமே இனம் என்று எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் எழுதியது இன்றும் பறவையியலின் முதுகெலும்பு. ஆனால் பழனிப் பறவையும் நீலகிரிப் பறவையும் சந்திப்பதே இல்லை, கூடுமா கூடாதா என்று எப்படிச் சோதிப்பது? அங்கேதான் தீர்ப்பு தேவைப்படுகிறது, தீர்ப்பு என்றால் கருத்து வேறுபாடும் வரும். பல ஆண்டுகளாக உலகில் மூன்று, நான்கு பறவைப் பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அவற்றை ஒன்றாக்க ஆய்வாளர்கள் கூடி உழைத்து, 2025இல் ‘ஏவிலிஸ்ட்’ என்ற பொதுப் பட்டியலை வெளியிட்டார்கள். அதில் 11,131 இனங்கள். இதுவும் திருத்தப்படும். திருத்தத்தைப் பலவீனம் என்று நினைக்காதீர்கள். மாண்ட்விச் சீட்டைத் திருத்தியதால்தான் ஆந்தை கிடைத்தது.

உங்களில் சிலர் இந்த வேலைக்கு வர வேண்டும் என்பதே என் ஆசை. அதற்கு முதலில் ஆய்வகம் தேவையில்லை. காது வேண்டும். அகத்தியமலைச் சோலைக்கிளி தனி இனமா, துணை இனமா என்பது இன்னும் முழுதாகத் தீரவில்லை. செங்கோட்டைக் கணவாயின் இரு பக்கமும், பல சோலைகளில், பல மாதங்களில் அவற்றின் பாட்டுப் பதிவுகள் வேண்டும். களக்காடும் மேகமலையும் உங்களுக்கு ஒரு பேருந்துப் பயணம். வனத்துறையின் அனுமதி பெறுங்கள். விடியலுக்கு முன் சோலையின் ஓரத்தில் நில்லுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை இழுக்காதீர்கள், அது தானாகப் பாடட்டும். பதிவு செய்து முடித்ததும், அடுத்த பறவையைத் தேடிப் போவதற்கு முன், அங்கேயே நின்று எழுதுங்கள்: இடம், உயரம், தேதி, நேரம், பாடியது ஆணா பெண்ணா என்று தெரிந்ததா, அருகில் இன்னொன்று பதில் பாடியதா, பதிவு செய்தவர் பெயர். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.